பழைய கணிப்பொறியும் புதிய நினைவகமும்

கற்றவர் ஒருவர் கட்டுரை எழுத அமர்கின்றார். அவரைச் சுற்றி நிலைப்பேழைகளில் நூல்கள் நூறு நூறாக அடுக்கப்பெற்றுள்ளன. ஆயினும், அவர் அப்பொழுது புரட்டிப் பார்க்க வேண்டியவை நான்கைந்தே. அவற்றை எடுத்து மேசைமேல் விரித்து வைத்துக்கொள்கின்றார். மேசை அகன்றதாயின் வேலை தடையின்றி நடைபெறும். குறுகியதாயின், ஒரு நூலை விரிப்பதற்கு மற்றொன்றை மூட வேண்டும். மூடியதைப் பேழையில் வைத்துவிட்டு, மீண்டும் எழுந்து சென்று எடுத்து வர வேண்டும். இவ்வாறு எழுவதும் அமர்வதுமாக இருப்பின், அறிவிற் சிறந்தவர்க்கும் பொழுது சாயுமேயன்றிக் கட்டுரை முடியாது.

கணிப்பொறியின் இயல்பும் இத்தகையதே. அதன் நிலைச்சேமிப்பு நூற்பேழை போன்றது. நினைவகம் மேசை போன்றது. பொறி எத்துணை விரைவாகக் கணிக்க வல்லதாயினும், நினைவகம் சிறுத்திருப்பின் அது பேழைக்கும் மேசைக்குமாக அலைந்துகொண்டேயிருக்கும். பழைய கணிப்பொறி ஒன்று ‘மெதுவாக ஓடுகிறது’ என்று குறை கூறப்படும்போது, பெரும்பாலும் தளர்ந்திருப்பது அதன் மூளையன்று. போதாமற் போனது அதன் மேசையே. ஆதலின், பொறியைத் தூக்கியெறியாமல் நினைவகத்தை மட்டும் பெருக்கிக்கொள்வது சிக்கனமான வழியாகும். எளிய வழியும் அதுவே எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றும் உண்மையன்று.

இந்நினைவகத்தின் அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய இராபர்ட் டென்னார்டு என்பவர், ஒரே டிரான்சிஸ்டரையும் ஒரே மின்தேக்கியையும் கொண்டு ஒரு ‘பிட்’ செய்தியைத் தாங்கும் முறையைக் கண்டறிந்தார். 1968-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது. மின்தேக்கியில் மின்னேற்றம் இருப்பின் 1, இல்லையேல் 0. அவ்வளவே. ஆனால், அம் மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. நிரப்பிய மின்னேற்றம் கசிந்துகொண்டேயிருக்கும். அதனால், ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அவற்றுள் 64 பங்கு கழிவதற்குள், ஒவ்வொரு குடத்தையும் பார்த்து, நிறைந்திருந்ததை மீண்டும் நிறைத்தல் வேண்டும். பொறி இயங்கும் காலமெல்லாம் இப்பணி ஓயாது நடைபெறுகிறது. மின்சாரம் நின்ற அளவில் குடங்கள் வற்றிவிடும், எழுதியவை மறையும்.

1970-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த 1103 என்னும் சில்லு, 1024 பிட்டுகளைத் தாங்கியது. இன்று கைவிரல் நீளமே உள்ள 4 ஜிகாபைட் நினைவகத் தகடு ஒன்றில் அமைந்துள்ள பிட்டுகளின் தொகை 3,435 கோடியே 97 இலட்சத்து 38 ஆயிரத்து 368 ஆகும். இத்தனை கோடிக் குடங்களுள் ஒன்றேனும் பழுதுபடாதிருத்தல் வேண்டும் என்பது, நினைத்துப் பார்ப்பின் வியப்பிற்குரிய எதிர்பார்ப்பே. அவ்வெதிர்பார்ப்பு பொய்த்தால் என்ன நேரும் என்பது பின்னர் விளங்கும்.

நினைவகத் தகட்டைக் கடைவீதியில் ‘ரேம்’ என்றே வழங்குவர். அதிலும் தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று அவை பெயர் பெறும். முதலது 1.8 வோல்ட்டு மின்னழுத்தத்திலும், அடுத்தது 1.5 வோல்ட்டிலும், அதற்கடுத்தது 1.2 வோல்ட்டிலும் இயங்கும். ஒரு தலைமுறைத் தகடு மற்றொரு தலைமுறைப் பொறியில் நுழையாதவாறு, தகட்டின் அடிவிளிம்பில் வெட்டப்பெற்ற பள்ளம் இடம் மாற்றி அமைக்கப்பெற்றுள்ளது. பள்ளம் பொருந்தவில்லையெனின் அழுத்துதல் கூடாது. அழுத்தி முறித்தவர் பலர். பள்ளம் பொருந்தியதாலேயே எல்லாம் பொருந்திற்று எனக் கொள்ளுதலும் பிழையே. இதனை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

ஓர் ஊர்ப்புற நூலகத்தை எண்ணிக்கொள்க. அங்கே 2010-ஆம் ஆண்டில் வாங்கப்பெற்ற மேசைக் கணிப்பொறி ஒன்று இருக்கின்றது. அதன் தாய்ப்பலகையில், 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜி41 என்னும் இன்டெல் சில்லுத்தொகுதி பொருத்தப்பெற்றுள்ளது. நினைவகத்திற்குரிய செருகுவாய்கள் இரண்டு. அவற்றுள் ஒன்றில் 2 ஜிகாபைட் கொண்ட டி.டி.ஆர்.3 தகடு உள்ளது. மற்றொன்று வெறுமையாய்க் கிடக்கின்றது. நூலகத்தின் நூற்பட்டியல் முழுவதும் அப்பொறியிலேதான் ஏற்றப்பெற்று வருகின்றது. ஏற்றுபவள் தற்காலிகமாக அமர்த்தப்பெற்ற ஓர் இளம்பெண். அவளுக்கும் நூலகருக்கும் சில மாதங்களாக மனக்கசப்பு. பட்டியலை அச்சிட்டுப் பார்க்கும்போதெல்லாம் எழுத்துப் பிழைகள் தோன்றின. ‘கலை’ என்பது ‘களை’ என்றும், ‘மரம்’ என்பது ‘மறம்’ என்றும் காணப்பட்டன. “நான் சரியாகவே அடித்தேன், அம்மா” என்று அப்பெண் பலமுறை கூறினாள். லகர ளகரங்களிலும் ரகர றகரங்களிலும் தடுமாறுதல் தமிழ் மாணவர் பலர்க்கும் உள்ள குறையன்றோ? ஆதலின் அவள் சொல்லை எவரும் ஏற்கவில்லை. மாத முடிவில் அவளை நிறுத்திவிடுவது என்று நூலகர் முடிவு செய்திருந்தார்.

இதற்கிடையில், பொறி மிகவும் மெதுவாயிற்று. வாசகர் ஒருவர் நன்கொடையாக 4 ஜிகாபைட் தகடு ஒன்று வாங்கித் தந்தார். டி.டி.ஆர்.3 என்றே அதன்மேல் பொறித்திருந்தது. பொறி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் அழைக்கப்பட்டார்.

அவர் முதலில் மின்னிணைப்பை முற்றும் நீக்கினார். பின்னர், இயக்கும் விசையைச் சில நொடிகள் அழுத்தி, உள்ளே தங்கியிருந்த மின்னாற்றலை வற்றச் செய்தார். பெட்டியைத் திறந்ததும், வண்ணம் பூசப்பெறாத அதன் இரும்புச் சட்டத்தைக் கையால் தொட்டார். உடையும் உடலும் உராய்வதால் மனித உடலில் மின்னேற்றம் தங்கும். நம் கை உணராத அளவினதாகிய மின்னேற்றமும் நுண்சில்லைச் சிதைக்க வல்லது. சட்டத்தைத் தொடுதல் அதனைப் போக்குதற்கு எளிய வழியாம். பின்னர்ப் புதிய தகட்டை விளிம்புகளில் மட்டும் பற்றி, வெறுமையான செருகுவாயில் நேராக வைத்து, இருபுறமும் ஒத்த அளவில் அழுத்தினார். இருபுறத்துத் தாழ்களும் ‘டக்’ என்ற ஒலியுடன் பூட்டிக்கொண்டன.

பொறியை இயக்கியபோது திரை இருண்டே கிடந்தது. பெட்டியினுள்ளிருந்து ‘பீப்’ என்னும் நீண்ட ஒலி விட்டுவிட்டு எழுந்தது.

நூலகர் அஞ்சினார். “பொறி போய்விட்டதா, தம்பி? பட்டியல் எல்லாம் அதிலே இருக்கிறதே!” என்றார்.

“பட்டியல் நிலைத்தட்டில் இருக்கிறது, அம்மா. அதற்கு ஒன்றும் நேரவில்லை. பொறி தன் குறையைத்தான் வாய்விட்டுச் சொல்கிறது” என்றார் இளைஞர்.

அவர் கூறியது உண்மையே. கணிப்பொறி விழித்தெழும்போது, பயாஸ் என்னும் தொடக்க நிரல் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும். திரை இயங்குவதற்கு முன்னரே குறை தோன்றின், அதனைப் பெரும்பாலும் ஒலியாலேயே அறிவிக்கும். ஒலியின் நீளமும் எண்ணிக்கையும் தாய்ப்பலகை செய்தோர்க்கேற்ப வேறுபடும். நீண்ட ஒலி திரும்பத் திரும்ப எழுமாயின் நினைவகத்தை ஐயுறுதல் பெருவழக்கு.

ஐயுற்றவுடன் பொருளை மாற்றிவிடுவோர் உளர். அது கைத்திறனில்லார் செயல். இளைஞர் அவ்வாறு செய்யவில்லை. புதிய தகட்டைக் கழற்றிப் பொறியை இயக்கினார். பழைய தகட்டுடன் அது முன்போலவே விழித்தெழுந்தது. இதனால், பொருத்தும்போது வேறெதுவும் பழுதுபடவில்லை என்பது தெளிவாயிற்று. அடுத்து, புதிய தகட்டின் பொன்முலாம் பூசிய முனைகளை மாணவர் பயன்படுத்தும் மென்மையான அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் துடைத்து, மீண்டும் செருகினார். பழைய தகடுகளில் படியும் மாசு இம்முறையால் நீங்கும். தொடர்பு கிட்டாமல் முரண்டு பிடிக்கும் பொறிகளுள் பல இவ்வொரு செயலாலேயே சரியாகிவிடும். இப்பொறி சரியாகவில்லை. பழைய தகட்டை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் முதற் செருகுவாயிலும், பின்னர் இரண்டாவதிலும் இட்டுப் பார்த்தார். இரண்டிலும் அதே ஒலி. பழையதை இரண்டாம் செருகுவாயில் இட்டபோது பொறி இயங்கிற்று. ஆகவே, செருகுவாயிலும் குறையில்லை. இறுதியாக, தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட்டு நாணய மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்து, பயாஸ் தன்னுள் குறித்து வைத்திருந்த பழைய அமைப்புகளை மறக்கச் செய்தார். அதனாலும் பயனில்லை.

ஒவ்வொரு முறையும் அவர் ஒன்றை மட்டுமே மாற்றினார் என்பது நோக்கத்தக்கது. இரண்டை ஒருங்கே மாற்றியிருப்பின், எது காரணம் என்பது புலப்பட்டிராது.

“அப்படியானால் புதிய ரேம் பழுது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்” என்றார் நூலகர்.

“அதையும் சோதித்த பின்னரே சொல்ல வேண்டும், அம்மா” என்று கூறிய இளைஞர், தகட்டைத் தம் பட்டறைக்கு எடுத்துச் சென்று, சில ஆண்டுகள் பின்னர்த் தோன்றிய வேறொரு பொறியில் செருகினார். அங்கே அது குறையின்றி இயங்கிற்று. பொறியும் நன்று, தகடும் நன்று, இரண்டும் கூடியபோது மட்டும் இயக்கமில்லை. இத்தகைய நிலையிலேதான் பலர் திகைத்து நிற்பர்.

விடை தகட்டின் மேலேயே இருந்தது. புதிய தகட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் எட்டுச் சில்லுகள் இருந்தன. அதன் அறிவிப்புச் சீட்டிலும் ‘1 ஆர் எக்ஸ் 8’ என்று அச்சிட்டிருந்தது. இதன் பொருளை விரித்துக் காண்போம். பொறி ஒரே வேளையில் 64 பிட்டுகளை நினைவகத்திலிருந்து எடுக்கும். சில்லு ஒன்று எட்டுப் பிட்டுகளைத் தருமாதலின், எட்டுச் சில்லுகள் சேர்ந்து ஓர் அணியாகும். ஓரணியிலேயே 4 ஜிகாபைட் அடங்க வேண்டுமாயின், ஒவ்வொரு சில்லும் 4 ஜிகாபிட் கொள்ள வேண்டும். இருபக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லுகள் இரண்டு அணியாக அமையுமாயின், ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட் கொண்டாற் போதும். மொத்தக் கொள்ளளவு இரண்டிற்கும் ஒன்றே. ஆனால், பொறியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல.

சில்லு ஒன்றனை வீதிகள் நிறைந்த நகரமாகக் கொள்க. வீதி எண்ணைக் கூறினால் அவ்வீதி திறக்கும். வீட்டு எண்ணைக் கூறினால் அவ்வீட்டார் வெளிவருவர். எட்டெட்டுப் பிட்டுகளாகச் செய்தி தரும் 2 ஜிகாபிட் சில்லின் ஒவ்வொரு பேட்டையிலும் 32,768 வீதிகள் உண்டு. அவற்றைச் சுட்டுதற்குப் பதினைந்து கம்பிகள் போதும். 4 ஜிகாபிட் சில்லிலோ 65,536 வீதிகள். அவற்றைச் சுட்டுதற்குப் பதினாறாவது கம்பி ஒன்று வேண்டும். ஜி41 தொகுதி அமைக்கப்பெற்ற காலத்தில் 4 ஜிகாபிட் சில்லு கடைவீதியில் வழங்கவில்லை. ஆதலின், அத்தொகுதி பதினைந்து கம்பி கொண்ட நகரங்களையே கையாளக் கற்றிருந்தது. பதினாறாவது கம்பியை நாடி நின்ற தகட்டை அதனால் நடத்த முடியவில்லை. பின்னர்த் தோன்றிய பொறி அதனை அறிந்திருந்தது, எளிதில் ஆண்டது.

இப்பொறிக்கு வேண்டியது, பதினாறு சில்லுகளைக் கொண்ட பழைய அமைப்பினதாகிய 4 ஜிகாபைட் தகடு. பழம்பொருள் என்பதனால் அது எளிதில் கிட்டவில்லை. இரண்டு மூன்று கடைகளில் தேடி, பயன்படுத்திய தகடு ஒன்றை இளைஞர் மாற்றிக் கொணர்ந்தார். அதனைச் செருகியவுடன் பொறி ஒரேயொரு குறுகிய ஒலியுடன் விழித்தது. பயாஸ் திரையில் 6 ஜிகாபைட் என்ற எண் தோன்றிற்று.

ஆயினும், இயக்க முறைமை திறந்தபோது ‘பயன்படத்தக்கது 3.25 ஜிகாபைட்’ என்றே காட்டியது. நூலகர் மீண்டும் கவலையுற்றார். இது பழுதன்று. அப்பொறியில் நிறுவப்பட்டிருந்த விண்டோஸ் 32 பிட் முகவரிகளைக் கொண்டது. முப்பத்திரண்டு பிட்டுகளால் சுட்டத்தக்க இடங்கள் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது 4 ஜிகாபைட். அதிலும் ஒரு பகுதி திரை முதலிய உறுப்புகளின் முகவரிக்கென ஒதுக்கப்பெறும். எஞ்சியதே பயன்படும். 64 பிட் முறைமையை நிறுவினால் இத்தடை நீங்கும். பொறியின் செயலகம் அதற்கு ஏற்றதாகவே இருந்தது.

பலர் இவ்விடத்திலேயே பெட்டியை மூடிவிட்டுக் கூலி பெற்றுச் செல்வர். புதிய முறைமையை நிறுவுமுன் நினைவகத்தை ஓர் இரவு முழுதும் சோதித்தல் வேண்டும் என்பது அவ்விளைஞரின் வழக்கம். அதற்கென ‘மெம்டெஸ்ட்86 பிளஸ்’ என்னும் இலவச நிரல் உண்டு. அது விண்டோஸ் முதலியவற்றின் துணையின்றித் தானே இயங்கும். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் 0, 1 என்பவற்றைப் பல கோலங்களில் எழுதும். எழுதியதைத் திரும்பப் படிக்கும். வேறுபாடு கண்டால் அவ்விடத்தின் முகவரியையும், மாறிய பிட்டையும் சிவந்த வரியில் காட்டும். பயன்படுத்திய தகட்டை வாங்கியதால் இளைஞருக்கு அதன்மேல் ஐயம் இருந்தது.

மறுநாட் காலையில் திரையில் சிவந்த வரிகள் சில நின்றன. தகடுகளைத் தனித்தனியே செருகிச் சோதித்தார். வாங்கி வந்த தகட்டில் ஒரு பிழையும் இல்லை. பிழைகள் அனைத்தும் 2010-ஆம் ஆண்டிலிருந்து பொறியிலேயே இருந்த பழைய தகட்டைச் சார்ந்தவை! அதன் இறுதிப் பகுதியில் சில முகவரிகளில் ஒரு பைட்டின் கடைசிப் பிட்டு, 0 எழுதினாலும் 1 என்றே திரும்பி வந்தது.

“இறுதிப் பகுதியாதலால் எப்போதும் தொல்லை தந்திராது. பல வேலைகள் ஒன்றாகத் திறந்து, நினைவகம் நிறையும்போது மட்டும் அந்த இடத்தில் ஏதாவது வந்து உட்காரும். அப்போது ஒரு பிட்டு மாறிப் போகும். எப்போதாவது பொறி தானே நின்றுவிடுவதுண்டா, அம்மா?” என்று இளைஞர் வினவினார்.

“நிற்பதுண்டு. அதைவிட…” என்று தொடங்கிய நூலகர், சொல்ல வந்ததை நிறுத்தினார். பின்பு தம் இழுப்பறையிலிருந்து, சிவப்பு மையால் பிழைகளை வட்டமிட்ட பட்டியல் தாள்களை எடுத்து வந்தார்.

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகவே வைத்துக்கொள்ளும். 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொது முறையில் தமிழுக்கும் இடம் அளிக்கப்பெற்றது. அம்முறையில் ரகரத்தின் எண் 2992. றகரத்தின் எண் 2993. லகரம் 2994, ளகரம் 2995. நகரம் 2984, னகரம் 2985. தமிழ் இலக்கண நூலார் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று நிறுத்திய வரிசை வேறு. யூனிகோடு தேவநாகரி முதலிய பிற எழுத்து முறைகளோடு ஒப்ப வைக்கும் வரிசையைத் தழுவியது. ஆதலின் ஒலியால் நெருங்கியவை எண்ணாலும் அடுத்தடுத்து அமர்ந்தன. தமிழ் வரிசை கைவிடப்பட்டது தமிழறிஞர் பலர்க்கும் வருத்தம் தருவதே. ஆனால், அவ்வரிசையே இங்கு உண்மையைக் காட்டிக் கொடுத்தது.

இரட்டைப்படை எண்ணின் கடைசிப் பிட்டு 0. ஒற்றைப்படை எண்ணின் கடைசிப் பிட்டு 1. கடைசிப் பிட்டு 1 என்றே நின்றுவிட்டால், இரட்டைப்படை எண் தனக்கடுத்த ஒற்றைப்படை எண்ணாகிவிடும். ஒற்றைப்படை எண்ணுக்கோ மாற்றமே இராது. எனவே, ரகரம் றகரமாகலாம், றகரம் ரகரமாகாது. லகரம் ளகரமாகலாம், ளகரம் லகரமாகாது. தட்டெழுதுவோர் தடுமாறினால் இருபுறமும் தடுமாறுவர். பொறி தடுமாறினால் ஒருபுறமே சாயும்.

நூலகரும் இளைஞரும் தாள்களை வரிசையாகப் பார்த்தனர். ‘கலை’ ‘களை’ ஆகியிருந்தது. ‘மரம்’ ‘மறம்’ ஆகியிருந்தது. ‘பழம்’ என்னும் சொல் ‘பவம்’ என நின்றது. ழகரத்தின் எண் 2996. வகரத்தின் எண் 2997. தமிழ் அறிந்தவர் ழகரத்தை ளகரமாகப் பிழைபட எழுதலாம், வகரமாக எழுதுவாரோ? இவ்வொரு சொல்லை முன்னரே உற்று நோக்கியிருப்பின் ஐயம் பிறந்திருக்கும். ‘மணி’ என்பது ‘யணி’ என்றிருந்தது. மகரம் 2990, யகரம் 2991. சில தலைப்புகளில் சொற்களுக்கிடையே வெற்றிடம் இருக்க வேண்டிய இடத்தில் வியப்புக்குறி நின்றது. அதனை அப்பெண்ணின் விளையாட்டுத்தனம் என்று நூலகர் கடிந்திருந்தார். வெற்றிடத்தின் எண் 32. வியப்புக்குறியின் எண் 33.

வட்டமிட்ட பிழைகள் அனைத்தையும் எண்ணிப் பார்த்தபோது, மூன்றே மூன்று மட்டும் இவ்விதிக்கு அடங்கவில்லை. அவற்றில் ளகரம் இருக்க வேண்டிய இடத்தில் லகரம் இருந்தது. அப்பெண்ணை அழைத்துக் காட்டியபோது, “இந்த மூன்றும் நான் செய்தவைதாம், அம்மா” என்றாள்.

பெரிய வாணிக நிலையங்களிலும் வங்கிகளிலும் உள்ள பொறிகளில் இத்தகைய பிழை புகாதிருக்கக் காவல் உண்டு. அங்கே 64 பிட்டுகளோடு எட்டுப் பிட்டுகள் கூடுதலாக வைக்கப்பெறும். 1950-ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தைச் சார்ந்த ரிச்சர்டு ஹாமிங் என்பவர் வெளியிட்ட பிழைதிருத்தும் முறையின் வழியே, ஒரு பிட்டு மாறினால் பொறியே அதைக் கண்டு திருத்திக்கொள்ளும். மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றிற்கு அக்காவல் இல்லை. அவை தாம் படித்ததை அப்படியே நம்பும். நம்பியதை அப்படியே நிலைத்தட்டில் எழுதிவிடும்.

பழைய தகடு நீக்கப்பட்டது. 4 ஜிகாபைட் தகடு மட்டும் பொறியில் இருந்தது. விண்டோஸ் 10-க்கு அதனை வெளியிட்ட நிறுவனம் அளித்து வந்த பொதுவான காப்பு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றமையால், 64 பிட் லினக்ஸ் முறைமையை இளைஞர் நிறுவினார். பொறி முன்னிலும் விரைந்து இயங்கிற்று. நிறுவுமுன் நூற்பட்டியலுக்கு இரண்டு படிகள் எடுத்து வேறு தட்டுகளில் வைத்தார். அப்படிகளிலும் பழைய பிழைகள் இருக்கும் என்பதையும் நூலகரிடம் சொல்லி வைத்தார். நினைவகத்தை மாற்றுவதால், நிலைத்தட்டில் முன்னரே எழுதப்பட்டுவிட்ட பிழை தானே திருந்தாது. அதற்குக் கையால் எழுதப்பெற்ற நூற்சேர்க்கைப் பதிவேடே துணை. நூலகர் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு தலைப்பாகப் படித்தார். அப்பெண் திரையைப் பார்த்துத் திருத்தினாள். எழுத்துகளோடு எண்களையும் ஒப்பிட வேண்டியிருந்தது. 2 என்பது 3 ஆகவும், 8 என்பது 9 ஆகவும் மாறியிருத்தல் கூடுமன்றோ? விலை பதிந்த இடத்தில் அவ்வாறு நான்கு மாற்றங்கள் அகப்பட்டன. அவ்வேலைக்குப் பதினோரு நாட்கள் ஆயின.

சிவப்பு மைத் தாள்களை நூலகர் கிழித்தெறியவில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘பொறியின் பிழை’ என்றெழுதி, நாளிட்டு, கையொப்பமிட்டுக் கோப்பில் சேர்த்தார். அப்பெண்ணின் பணியை நீட்டிக்கக் கோரும் மடலும் அன்று மாலையே அஞ்சலில் சேர்க்கப்பட்டது.